குத்தாத உருளைக்கிழங்கு

டிசம்பர் 3, புதன்

உறுதியான செய்தி: சோலைமட்டம் கால்பந்துக் கோப்பை இந்த ஆண்டும் குளிர்காலத்தில்தான் நடக்கும். சொன்னவர்: போட்டிக் குழுச் செயலாளர் போஜன். பேக்கரி வாசலில், வர்க்கியைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

காரணம் பழையதுதான். கோடையில் எங்கள் மைதானம் சுற்றுலா வண்டிகள் நிற்குமிடம். கடைசிக் கார் மலையிறங்கி, டயர் தடத்தில் புல் திரும்ப முளைத்து, அந்தப் புல்லின் மேல் உறைபனி விழ ஆரம்பிக்கும்போதுதான் பந்துக்கு இடம் கிடைக்கும். கூரை கிடையாது. ஞாயிறு பிற்பகல் ஆட்டம். நான்கு மணிக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறும். அதற்கு மேல் பார்ப்பவன் பாடு அவனவன் பாடு.

மாலையில் கோவையிலிருந்து மகள் ஷீபா பேசினாள்.

"அப்பா, டிசம்பர் பொறந்தாச்சு. எப்ப கீழ வர்றீங்க?"

"கோப்பை முடியட்டும்மா."

"போன வருசமும் அதைத்தான் சொன்னீங்க. கோப்பை முடிஞ்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனீங்க. மூக்குல மாஸ்க் வெச்சுக்கிட்டு, 'ஸ்கோர் என்ன'ன்னு நர்ஸ் கிட்டக் கேட்டீங்க."

நெஞ்சுச்சளி வந்தது உண்மை. ஸ்கோர் கேட்டதும் உண்மை. மறுக்கவில்லை.

நெடுநேரம் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். போட்டிக் குழுவின் அறையில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மட்டும் பார்க்கலாம். வெளியே நின்றது தெரிந்தால் அன்றே காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். வீட்டுச் சாவி அவளிடம் போய்விடும். மார்ச் வரை கோவை.

"சத்தியமா?" என்றாள்.

"நிருபன்மா நான். சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்."

"ரிட்டயர்ட் நிருபர்" என்று திருத்திவிட்டு வைத்தாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

உறுதியானது: போட்டிக் குழு அறையின் கண்ணாடி வழியே எதுவும் தெரியாது. ஆதாரம்: நேரில் பார்த்தது, அதாவது பார்க்க முடியாதது.

சின்ன அறை. குழு உறுப்பினர்கள் பதினொரு பேர், ஒரு டீ கெட்டில். எல்லோரும் மூச்சு விட்டதில் முதல் கால் மணி நேரத்திலேயே கண்ணாடி பால் பூசியதுபோல் ஆகிவிட்டது. கைக்குட்டையால் துடைத்தேன். மறுபடியும் பூசிக்கொண்டது. வெளியே ஒரு கூச்சல் எழுந்தது.

"கோலா?" என்றார் போஜன்.

"சத்தத்தைப் பார்த்தா கோல்தான்" என்றார் பொருளாளர்.

"யாரு அடிச்சது?"

"அது சத்தத்துல தெரியலையே."

முப்பது வருடங்களுக்கு மேல் செய்தி எழுதியவன் நான். கோலைக் காதால் கேட்டு எழுதியதில்லை. எனவே இடைவேளையில், தகவல் சரிபார்க்கும் ஒரே நோக்கத்துடன், வெளியே போனேன். இதை ஷீபாவிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தொழில் சார்ந்த விஷயம்.

மைதானத்தின் மேற்கே எங்கள் சோலைமட்டத்து ஆட்கள். அந்தப் பக்கம் வெயில் விழும் என்று தலைமுறையாக அங்கேதான் உட்காருகிறார்கள். மூன்றரைக்கு மலை வெயிலை மறைத்துவிடும். அதன் பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள், பெருமையோடு விறைத்துப்போவார்கள். கிழக்கே கரடிப்பள்ளத்துக்காரர்கள். தங்கள் அணி ஆடாத ஞாயிறும் வந்துவிடுவார்கள், யாராவது தோற்பதைப் பார்க்க. அவர்களிடம் வெயில் இல்லை, ஆனால் கரிச்சட்டி இருந்தது.

பாதியாக அறுத்த தார் டிரம். மூன்று கல்லின் மேல் வைத்து, உள்ளே கரி நெருப்பு. மேலே மூடியாக ஸ்கோர் பலகையிலிருந்து கழற்றிய '5' என்ற தகர எண். எந்த அணியும் ஐந்து கோல் போட்டதில்லையாதலால் அந்த எண் சும்மாதான் கிடந்ததாம். சுற்றி இருபது பேர். நடுவில் மடக்கு நாற்காலியில் ஒரு பெண்மணி, கம்பளி பின்னிக்கொண்டே லைன்ஸ்மேனைத் திட்டிக்கொண்டிருந்தார். முதல் பாதியில் கோல் போட்டது யார் என்று கேட்டேன்.

"ஏழாம் நம்பர், இடது கால், இருபத்தி ரெண்டாவது நிமிசம்" என்றார், தலையைத் தூக்காமல். பிறகு தூக்கினார். "இந்தக் குரல்... நீங்க ரிப்போர்ட்டர் ஜெயசீலன்தானே? 'அவசரம், அவசரம், கோயம்புத்தூர் லைன் குடுங்க'ன்னு என் உயிரை வாங்குவீங்களே?"

குன்னூர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த மனோரஞ்சிதம். என் செய்திகள் எல்லாம் இவர் காது வழியாகத்தான் பத்திரிகைக்குப் போயின. குரலைத் தவிர ஒன்றும் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான கரடிப்பள்ளத்துக்கு வந்துவிட்டாராம். தனியாக இருக்கிறார். (ஆதாரம்: அவரே. நான் கேட்கவில்லை.)

இரண்டாம் பாதியை அங்கிருந்தே பார்த்தேன். கோல் இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

ஷீபாவின் போன் வரும் முன் கொஞ்சம் இருமித் தீர்த்துக்கொண்டேன். பேசும்போது ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

உறுதியானது: உடம்போடு ஒட்டி வைத்தால் செய்தித்தாள் குளிரைத் தடுக்கும். ஆதாரம்: இன்று பிற்பகல் முழுவதும் நான்.

பனியனுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில், முன்னால் ஒரு நாளிதழ், பின்னால் ஒரு நாளிதழ். ஞாயிறு இணைப்பு உதவாது. வழவழப்புத் தாள், வழுக்கிக்கொண்டு இடுப்புக்குப் போய்விடுகிறது. வரிவிளம்பரப் பக்கம் நன்றாகச் சூடு பிடிக்கிறது. தலையங்கத்தில் சூடு இல்லை. அது எனக்கு வேலையில் இருக்கும்போதே தெரியும்.

கிழக்குப் பக்கம்தான் போனேன். சோலைமட்டத்துக்காரன் அங்கே உட்காருவது சரியா என்று போஜன் கேட்டார். நிருபனுக்கு ஊர் கிடையாது என்றேன். "உங்க வீட்டு வரி ரசீதுல ஊர் இருக்கே" என்றார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

"ரிப்போர்ட்டர் சார், நீங்க அசைஞ்சா யாரோ பேப்பர் புரட்டுற மாதிரியே கேக்குது" என்றார் மனோரஞ்சிதம்.

"காதுல ஏதாவது விழுந்திருக்கும் மேடம்."

"என் காதுக்கு அப்படியெல்லாம் விழாது. எந்தப் பேப்பர்?"

சொன்னேன். அதன் அச்சு மை வெள்ளைப் பனியனில் ஒட்டும், துவைத்தாலும் போகாது என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். நெஞ்சில் 'மணமகன் தேவை' தலைகீழாக ஒட்டியிருந்தது.

இன்று அவர்களுடைய கிழங்கு முறையைத் தெரிந்துகொண்டேன். வருபவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவர வேண்டும். மனோரஞ்சிதம் அதை வாங்கிக் கம்பளி பின்னும் ஊசியால் சுற்றிலும் குத்திச் சட்டிக்குள் போடுவார். குத்தாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். வெந்த கிழங்கைச் சட்டைப் பைக்கு ஒன்றாகப் போட்டுக் கையை உள்ளே விட்டுக்கொண்டால் இரண்டாம் பாதி முழுவதும் விரல் மரத்துப்போகாது. கடைசி விசில் வரை தின்னக் கூடாது. போன வாரம் ஒருவர் பாதியில் தின்றுவிட்டாராம். இப்போதும் அவரோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை.

நான் கிழங்கு கொண்டுபோகவில்லை. அவர் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார்.

டிசம்பர் 17, புதன்

மஃப்ளரைத் துவைத்துப் போட்டேன். வெயில் நன்றாக அடித்தது, அதனால்தான்.

டிசம்பர் 21, ஞாயிறு

உறுதியானது: அரையிறுதிக்குக் கரடிப்பள்ளம் வந்துவிட்டது. சோலைமட்டமும். ஆதாரம்: இரண்டு கண்ணும்.

கிழங்கு இரண்டு கொண்டுபோனேன், கழுவி. மனோரஞ்சிதம் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழங்கைச் சோப்புப் போட்டா கழுவினீங்க?"

"தண்ணிதான் மேடம்."

"வாசம் வருதே."

வாசம் கிழங்கிலிருந்து வரவில்லை. சவரம் செய்தபின் கன்னத்தில் கொஞ்சம் போட்டிருந்தேன். அதைச் சொல்ல அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

காற்று பலமாக இருந்ததால் அவருடைய கம்பளியின் ஒரு முனை என் முழங்கால் மேல் வந்தது. காற்றினால்தான். நானும் எடுக்கவில்லை, அவரும் இழுக்கவில்லை. 1987 வெள்ளத்தின்போது நான் போனில் சொன்ன செய்தியில் ஒரு கிராமத்தின் பெயரைத் தவறாகச் சொன்னேனாம். அவரே குறுக்கிட்டுத் திருத்தினாராம். எனக்கு நினைவில்லை என்றேன்.

"நான்தான் பேசுறேன்னே உங்களுக்குத் தெரியாது. 'யார்யா குறுக்க பேசுறது'ன்னு கத்தினீங்க."

மன்னிப்புக் கேட்டேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்.

தும்மல் ஒன்று. மிளகுதான் காரணம், கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 26, வெள்ளி. கோவை

கிறிஸ்துமஸுக்கு வந்தேன். இங்கே டிசம்பரில் மின்விசிறி சுற்றுகிறது. எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். எனக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் அடுக்ககத்தின் துணி காய்கிறது. சுவரில் புது ஆணிகூட அடித்திருக்கிறார்கள், என் கோட்டை மாட்ட. இங்கே கோட்டு எதற்கு?

டிசம்பர் 27, சனி

வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டுக் காலைப் பேருந்தில் ஏறினேன். குழாய் நன்றாக இருக்கிறது. ஆதாரம்: இப்போதுதான் திறந்து பார்த்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஆட்டம் இல்லை, நடுவருக்குக் காய்ச்சல். இருந்தும் கிழக்குப் பக்கம் கரிச்சட்டி எரிந்தது. ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், வெற்று மைதானத்தைப் பார்த்தபடி. நல்ல பிற்பகல்.

ஜனவரி 4, ஞாயிறு

உறுதியானது: இறுதி ஆட்டம் சோலைமட்டத்துக்கும் கரடிப்பள்ளத்துக்கும். ஜனவரி 11, மூன்று மணி. சொன்னவர்: போஜன், மைக்கில், இரண்டு முறை.

ஒரு தவறு நடந்துவிட்டது. இரண்டாம் பாதியில் என் போன் அடித்தது. ஷீபா. சுற்றிலும் கூச்சல், காற்று, கரி வெடிக்கும் சத்தம். எடுத்தால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்ல முடியாது, எடுக்காவிட்டால் பயந்துவிடுவாள். கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

"யாரு?" என்றார் மனோரஞ்சிதம்.

"மக. நான் வெளிய இருக்கிறது தெரிஞ்சா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவா. மார்ச் வரைக்கும்."

அவர் பின்னலை மடியில் வைத்தார். போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எக்ஸ்சேஞ்ச் நாட்களின் அந்தப் பளிங்குக் குரலில் சொன்னார்: "நீங்கள் தொடர்புகொள்ள விரும்பும் எண் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. தயவுசெய்து..."

அந்த நேரம் பார்த்து லைன்ஸ்மேன் கொடியைத் தூக்காமல் நின்றான்.

"ஆஃப்சைடு! ஏண்டா, கொடி என்ன காயப்போடவா வெச்சிருக்க?"

பிறகு மறுபடியும் பளிங்குக் குரலில்: "...சிறிது நேரம் கழித்து அழைக்கவும்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். கை சூடாக இருந்தது. கிழங்கு பிடித்திருந்த கை.

இரவு ஷீபா பேசினாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை.

ஜனவரி 10, சனி

உறுதியானது: ஷீபா வந்துவிட்டாள். சொல்லாமல், தன் காரில். பின்சீட்டில் என் துணிக்கென்று காலிப் பெட்டி ஒன்று.

"நாளைக்கு உங்ககூட உக்காந்து நானும் மேட்ச் பாக்குறேன்ப்பா. அந்தக் கண்ணாடி ரூம்ல."

"உனக்குக் கால்பந்து பிடிக்காதே?"

"கண்ணாடி பிடிக்கும்" என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

உறுதியானது, எட்டு மணி நிலவரப்படி: கோப்பை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அது இப்போது போஜன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சொன்னவர்: போஜன். அவர் குரல் கட்டிவிட்டது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு நானும் ஷீபாவும் குழு அறையில் உட்கார்ந்தோம். கண்ணாடி வழக்கம்போல் மூடிக்கொண்டது. ஷீபா ஒரு துண்டு கொண்டு வந்திருந்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். போஜன் என்னைப் பார்த்து, "என்ன சார், இன்னைக்குப் புதுசா இங்க?" என்று ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன். அறையின் அடைப்பில் எனக்கு இருமல் வந்தது. நான்கு வாரத்தில் முதல் இருமல். ஷீபா வாட்ச்சைப் பார்த்தாள், ஏதோ குறித்துக்கொள்வதுபோல்.

இடைவேளை வரை கோல் இல்லை. துடைத்த இடத்தின் வழியே கிழக்குப் பக்கம் பார்த்தேன். கரிச்சட்டியின் புகை. மடக்கு நாற்காலி. அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், காலியாக இருந்தது.

கோட்டுப் பையில் கிழங்கு இருந்தது. பழக்கத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன். நான் வெளியே வருவதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிக் கிழக்குப் பக்கத்தை மூடியிருந்தது. அங்கே இருபதடிக்கு மேல் யாரும் யாருக்கும் தெரியவில்லை. நேரே சட்டிக்குப் போனேன். நாற்காலியில் மனோரஞ்சிதம் இல்லை. எல்லைக்கோட்டருகே நின்று லைன்ஸ்மேனுக்கு விதிமுறை சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி அவர் கையில் கத்திபோல் இருந்தது. மற்றவர்களும் அவரைச் சுற்றி நின்றார்கள். காத்திருக்க நேரமில்லை. நான் வந்துபோனதாவது அவருக்குத் தெரியட்டும் என்று, மூடியைத் தூக்கிக் கிழங்கைப் போட்டேன். மூடியை மறுபடி அழுத்தி வைத்துவிட்டு, ஷீபா சந்தேகப்படும் முன் திரும்பி ஓடினேன்.

குத்தவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கரடிப்பள்ளம் பந்தை, குழு அறைக்கு அருகிலிருந்த எங்கள் கோல் பக்கம் கொண்டுவந்தது. அப்போது கிழக்கே 'டமார்' என்று ஒரு சத்தம். '5' என்ற தகர எண் மூடுபனிக்கு மேல் எழும்பிச் சுழன்று விழுந்தது. பந்து வெடித்துவிட்டதென்று நினைத்த எங்கள் கோல்கீப்பர் ஜெரால்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். பந்து வெடிக்கவில்லை. அது மெதுவாக உருண்டு அவன் காலைத் தாண்டி உள்ளே போனது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஊர்க் கேப்டன் முதலில் அறைக்குள் நுழைந்தான். கரடிப்பள்ளத்து ஆட்கள் பட்டாசு போட்டார்கள் என்றான். மைதானத்தில் பட்டாசு போட்ட அணிக்குத் தோல்வி, விதியில் இருக்கிறது. அவனுக்குப் பின்னால் பாதி ஊர். எதிர்ப்பக்கத்திலிருந்து மனோரஞ்சிதம் வந்தார். மஃப்ளரிலும் புருவத்திலும் வெந்த கிழங்கு ஒட்டியிருந்தது.

போஜன் நாற்காலி மேல் ஏறினார். "எல்லாரும் அமைதி! மேடம், உங்க பக்கம் பட்டாசு வெடிச்சதா?"

"பட்டாசு இல்ல. எவனும் போடல."

"அப்ப சத்தம்? கிழங்கா?"

போஜன் தப்பிக்க வழி கொடுத்திருந்தார். மனோரஞ்சிதம் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"என் சட்டியில குத்தாத கிழங்கு போனதே கிடையாது. இன்னைக்கு முப்பத்தெட்டு கிழங்கு. முப்பத்தெட்டும் நான் என் கையால குத்தினது. கிழங்கு வெடிச்சுதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"கிழங்கும் இல்ல, பட்டாசும் இல்லன்னா எப்படி மேடம்?" என்றான் கேப்டன். "வேற என்ன, வயித்துச் சத்தமா?"

சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. கரடிப்பள்ளத்து ஆட்டக்காரர்கள் அவருக்குப் பின்னால் சேறும் ஈரமுமாக நின்றார்கள். அவருடைய துல்லியமே அவர் அணியைத் தோற்கடிக்கப் போகிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். போஜன் விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

எனக்கு ஒரு பக்கத்தில் ஷீபா. கழிப்பறைக்குப் போன சில நிமிடம் தவிர நான் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தேன் என்பதற்குப் பதினொரு சாட்சி. வாயை மூடிக்கொண்டிருந்தால் கோவை கிடையாது. கோப்பை எங்கள் ஊருக்கு.

"அது முப்பத்தொன்பதாவது கிழங்கு" என்றேன்.

யாரும் கவனிக்கவில்லை. அறையிலிருந்த ஒரு ஸ்டூல் மேல் ஏறிச் சத்தமாகச் சொன்னேன். "கிழங்கு என்னுது. இடைவேளையில நான்தான் போட்டேன். குத்தலை."

மனோரஞ்சிதம் என்னைப் பார்த்தார். "குத்தலையா?"

"ஊசி உங்க கையில இருந்துச்சு மேடம். நீங்க லைன்ஸ்மேன்கிட்ட இருந்தீங்க."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே!"

"கூப்பிட முடியாத நிலைமை."

"அப்பா" என்றாள் ஷீபா. "கிழங்கைக் குத்தணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நேரடியான கேள்வி. நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

"அஞ்சு வாரமா அங்கதான்மா உக்காந்திருக்கேன்."

"வெளிய?"

"வெளிய."

அவள் மனோரஞ்சிதத்தைப் பார்த்தாள். மஃப்ளர், கிழங்கு, ஊசி, எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "கொஞ்சம் பேசுங்க ஆன்ட்டி."

"என்னம்மா பேசறது?"

"போதும்" என்றாள் ஷீபா. "தொடர்பு எல்லைக்கு வெளியே."

போஜன் நாற்காலியிலிருந்து இறங்கித் தீர்ப்புச் சொன்னார்: பட்டாசு இல்லை, எனவே யாருக்கும் தோல்வி இல்லை, வெளியிலிருந்து வந்த இடையூறு, எனவே கோலும் இல்லை, மறு ஆட்டம் பொங்கலுக்குப் பிறகு. இரண்டு ஊரும் சமமாகத் திட்டின. என் சொந்த ஊரிலேயே எனக்கு இனி வர்க்கி கிடைக்காது என்று ஒருவர் சொன்னார். ஜெரால்டு மட்டும் வந்து என் கையைக் குலுக்கினான். இல்லாவிட்டால் அவன் இடுப்பில் கை வைத்து நின்றதைப் பேரன் காலம்வரை பேசுவார்களாம்.

ஷீபா காருக்குப் போகவில்லை. அந்தச் சட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். சாட்சியம் சேகரிப்பவள்போல் மூடுபனிக்குள் விறுவிறுவென்று நடந்தாள். அவள் போட்டிருந்தது கோவை ஸ்வெட்டர். பாதி வழியிலேயே பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. மனோரஞ்சிதம் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கம்பளியைப் போர்த்தி, இரண்டு கையிலும் கிழங்கு வைத்தார்.

"விசில் அடிச்சாச்சு. நீ தின்னலாம்."

தின்றாள். நாற்காலியை நெருப்பின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"இங்க அப்பா இருமினாரா ஆன்ட்டி?"

"அஞ்சு வாரத்துல ஒரு தும்மல். அதுவும் மிளகு. மேல என்ன போடணும், காதை எப்படி மூடணும், எல்லாம் பாத்துக்கிட்டோம். பேப்பரைக் கழட்டவெச்சு உள்ளே கம்பளி பனியன் போடவெச்சது நான்."

"உள்பனியனா?" என்றாள் ஷீபா.

"பின்னிக் குடுத்தேன்மா" என்றார் மனோரஞ்சிதம், கரியைக் கிளறியபடி. "கையில வேலை இருந்துச்சு."

இந்தத் தகவலை நான் முந்தைய குறிப்புகளில் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். விடுபட்டுவிட்டது.

ஜனவரி 12, திங்கள்

உறுதியானது: ஷீபா காலையில் கோவைக்குப் புறப்பட்டாள், பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு. டிக்கியில் நான்கு கிலோ உருளைக்கிழங்கு. ஆதாரம்: நான்தான் தூக்கி வைத்தேன்.

போகும்போது கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்: "இது முடிவில்லப்பா. பதினெட்டாம் தேதி மேட்சுக்கு வர்றேன். அந்தச் சட்டிகிட்ட முழு நேரமும் உக்காந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

"அதுவரைக்கும்?"

"குத்திப் போடுங்க."

நிலுவையில் உள்ளவை:

மறு ஆட்டம். ஞாயிறு, ஜனவரி 18, மூன்று மணி. கரி முழுவதும் என் பொறுப்பு. குத்தாதவனுக்கு அதுதான் தண்டனை.

கோவை. முடிவு அதே நாள், ஆட்டம் முடிந்த பிறகு. சொல்ல வேண்டியவர் ஷீபா.

இன்னொன்று. மாலையில் போன் வந்தது. பளிங்குக் குரல், ஆனால் வேறு மாதிரி. "ரிப்போர்ட்டர் சார், ஒரு தகவல் வேணும். பதினெட்டோட கோப்பை முடிஞ்சிரும். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையெல்லாம் என்ன பண்றதா உத்தேசம்?"

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

பதில் தயார். மறு ஆட்டத்தன்று, கிழங்குகள் குத்தப்படும்போது, வெளியாகும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.